பொழியை அகலப்படுத்திய அண்ணாச்சி

ஆவணிக் கடைசியில் ஒரு நாள் கோவில்பட்டி விதைக்கடை வாசலில் நின்று கடைக்காரரிடம் வாயடித்துக்கொண்டிருந்தேன். போன வருஷம் அவர் கொடுத்த உளுந்தில் பாதி முளைக்கவில்லை. அப்போதுதான் என் வீட்டுக்காரர் போன் செய்தார். "ஏட்டி, நம்ம சௌந்தரராஜ் அண்ணாச்சி போயிட்டாவ. காட்டுக்குப் போயிட்டு வந்து உக்காந்தாவ, எந்திரிக்கல" என்றார். சண்டையைப் பாதியில் விட்டுவிட்டுப் பஸ் ஏறினேன். அழுகையை அடக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த பெண், "சொந்தமா?" என்று கேட்டாள். "பொழிக்காரர்" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. இரண்டு பேர் மானாவாரிக் காட்டுக்கும் நடுவில் இருக்கும் வரப்பைத்தான் நாம் பொழி என்கிறோம். ஒவ்வொரு உழவுக்கும் இவர் பக்கம் ஒரு உழவுச்சால், அவர் பக்கம் ஒரு சால் என்று சுரண்டிச் சுரண்டி, அது ஆள் நடக்க முடியாத அளவுக்குச் சிறுத்துப்போகும். அதற்காக அடிதடி வரை போன குடும்பங்கள் நம் ஊரிலேயே உண்டு. பொழிக்காரருக்காக அழுகிற பெண்ணை அவள் அதுவரை பார்த்திருக்க மாட்டாள்.

நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சிட்டுக்குருவிக்கு அட்டைப்பெட்டியில் கூடு செய்து தொங்கவிட்டார்களே, அந்தக் கூட்டம் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். எல்லோரும் கைதட்டினோம். அண்ணாச்சி மட்டும் எழுந்து நின்றார். "வீடு குடுத்தாச்சு, சரி. மார்கழி தையில அதுக என்னத்தத் திங்கும்? காடு பூரா மக்காச்சோளம். புல்லு தலைகாட்டுததுக்குள்ள மருந்து அடிச்சிருதோம். குருவி வாய்க்குள்ள மக்காச்சோளம் நுழையுமா?" என்று கேட்டார். தலைமையாசிரியர் எல்லோருக்கும் டீ கொடுக்கச் சொன்னார்.

அந்த வருஷம் விதைப்புக்கு உழுதபோது, தன் காட்டைச் சுற்றி நாலு பக்கமும் சில சால் உள்ளே தள்ளியே டிராக்டரைத் திருப்பினார். விட்ட இடத்தில் புல் முளைத்தது. மருந்தும் அடிக்கவில்லை. சொந்த நிலத்தைத் தானே விட்டுக்கொடுக்கிற சம்சாரியை யார் நம்புவது? வண்டிப்பாதை கேட்கப்போகிறார் என்றார்கள். சோலார் கம்பெனிக்குக் கேபிள் பதிக்க இடம் விடுகிறார் என்றார்கள். என் வீட்டுக்காரர் சர்வேயரையே கூட்டி வந்துவிட்டார். அளந்து பார்த்தால் புல் நின்றதெல்லாம் அண்ணாச்சியின் நிலம். அவருக்குக் கோபமே வரவில்லை. "அளந்தாச்சுல்லா? இனி நீங்களும் ரெண்டு சால் தள்ளுங்க" என்று சிரித்தார்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. "களை விதை பூரா எங்க காட்டுல வந்து விழும். ஒங்க குருவியா வந்து களை எடுக்கும்?" என்று கேட்டேன்.

"குருவி எடுக்காட்டா நான் எடுக்குதேன் தாயி" என்றார்.

பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அடுத்த கார்த்திகையில் களைக்கொத்தியோடு வந்து, எங்கள் உளுந்தின் ஓர வரிசையில் களையெடுக்கிற பெண்களோடு உட்கார்ந்துவிட்டார். "அண்ணாச்சி, ஒங்களுக்குச் சம்பளம் உண்டா?" என்று அவர்கள் கேலி செய்தார்கள். "டீ உண்டுல்லா, அது போதும்" என்றார். எனக்குத்தான் மானம் போயிற்று.

அந்தத் தையில் சுற்றிலும் அறுப்பு முடிந்து வெறுங்கரிசலாகக் கிடந்தது. பொழிப்புல்லில் மட்டும் ஒரே சத்தம். சில்லைக் குருவிகள் புல்கதிரில் கூட்டமாகத் தொங்கின. உதிர்ந்த விதையைச் சிட்டுகளும் வானம்பாடிகளும் தரையில் பொறுக்கின. கிட்டே போனதும் காலடியிலிருந்து ஒரு காடை விருட்டென்று எழும்ப, நான் போட்ட அலறலில் மொத்தக் கூட்டமும் பறந்துவிட்டது. அண்ணாச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பயப்படாத, திரும்ப வரும். வேற எங்கன போகும்?" என்றார். எனக்கு அன்று அவ்வளவு சந்தோஷம். அடுத்த உழவில் நாங்களும் இரண்டு சால் தள்ளினோம். எங்களைப் பார்த்து மற்ற மூன்று பொழிக்காரர்களும் முனகிக்கொண்டே தள்ளினார்கள்.

அண்ணாச்சியின் மகன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். காரியம் முடிந்ததும் காட்டை விளாத்திகுளத்துக்காரர் ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டான். அவனும் வேறென்ன செய்வான்? புரட்டாசியில் குத்தகைக்காரர் டிராக்டரோடு வந்து பொழியைப் பார்த்தார். "இம்புட்டு நெலத்தையும் சும்மாவா போட்டிருக்கீங்க? ஒரே உழவுல எடுத்திருதேன்" என்றார். அண்ணாச்சி பட்ட பாடெல்லாம் ஒரே காலையில் மண்ணோடு போய்விடும்.

குருவிக்காக என்று சொன்னால் சிரிப்பார். அதனால் எனக்கு நன்றாகத் தெரிந்த விதத்தில் பேசினேன். "பொழியில பாதி எங்களுக்கு. ஒரு கட்டி அசைஞ்சாலும் ஊரைக் கூட்டிருவேன், பாத்துக்கிடுங்க" என்று டிராக்டர் முன்னால் போய் நின்றேன். சத்தம் கேட்டு வடக்குப் பொழிக்காரர் வந்தார். "எங்க பாதியும் அப்படித்தான்" என்றார். கொஞ்ச நேரத்தில் நாலு பக்கமும் ஆள் நின்றது. பொழியைச் சுரண்டுவதற்கே சண்டை போட்டுப் பழகிய நாங்கள், அதை விட்டுவைக்கச் சொல்லிச் சண்டை போட்டோம். குத்தகைக்காரர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "நாலு பக்கமும் சண்டைக்காரவியளா இருக்கீங்க. எனக்கு எதுக்கு வம்பு? உள்ள மட்டும் உழுதுக்கிடுதேன்" என்று வண்டியைத் திருப்பினார்.

நடுக்காட்டில் புல்லை விட்டிருந்தால் அன்றோடு போயிருக்கும். எங்கள் குணம் தெரிந்துதான் அண்ணாச்சி பொழியில் விட்டாரா என்று கேட்க அவர் இல்லை. தெரிந்தே செய்திருப்பார் என்றுதான் நான் நம்புகிறேன்.

இப்போது தை பிறந்துவிட்டது. நேற்றுக் காலை போனபோது சில்லைகள் வந்திருந்தன, போன வருஷத்தைவிடப் பெரிய கூட்டம். குத்தகைக்காரர் தூரத்திலேயே வண்டியை நிறுத்திவிட்டு, "இதென்ன குருவி?" என்று மெதுவாகக் கேட்டார். சொன்னேன். கிளம்பும் வரை அவர் சத்தம் போட்டுப் பேசவில்லை.

அண்ணாச்சி எனக்கு விட்டுப்போனது ஒரு பொழி. அதில் என் பாதியை நான் உழ மாட்டேன். அவர் பாதியை யாரையும் உழ விட மாட்டேன்.