ரங்கூன் பார்த்த ஜன்னல்

அண்ணா ரங்கூனில் ஒரு மரக் கம்பெனியில் குமாஸ்தா. நான் மதராஸில் கட்டடப் படங்கள் வரையும் டிராஃப்ட்ஸ்மேன். 1940-இல் லீவில் வந்தவர், பட்டினப்பாக்கத்துக் குப்பத்தை ஒட்டி ஒரு மணல் மனையை வாங்கிப்போட்டு, "நீயே படம் போட்டுக் கட்டு. உன் மன்னிக்குக் கடல் தெரியணும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பக் கப்பலேறினார். மன்னி மயிலாப்பூரில் என்னோடும் அம்மாவோடும்தான் இருந்தாள்.

ஐந்து வருடமாகப் பிறர் வீட்டுக் கக்கூஸையும் கார் ஷெட்டையும் வரைந்தவன் நான். தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மணலில் போய் உட்கார்ந்துவிடுவேன். புயலில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று குப்பத்தில் கேட்டு, அதற்கும் ஒரு முழம் மேலே தளத்தை வைத்தேன். ஐப்பசி மழை சாய்ந்து அடிக்கும் வடக்குப் பக்கம் கனத்த சுவர். சாயங்காலக் காற்றுக்குத் தெற்கே தாழ்வாரம். சாந்தோமில் பழைய போர்த்துகீசிய வீடுகளில் பார்த்த தாழ்ந்த வளைவுகள். அஸ்திவாரம் தோண்டியபோது மெல்லிய பழைய செங்கற்கள் கிடைத்தன. எந்தக் காலத்து யார் சுவரோ, அவற்றையும் தாழ்வார ஓரத்தில் பதித்தேன். பூச்சுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு. இதுவரை எல்லாம் சரியாகத்தான் செய்தேன்.

மாடி அறை ஜன்னல்தான் என் கர்வம். ரங்கூன் கிழக்கே இருக்கிறது, அண்ணா வரும் கப்பலை மன்னி வீட்டிலிருந்தே பார்க்கட்டும் என்று கிழக்குச் சுவரை ஏறக்குறைய முழுவதும் திறந்து ஒரே ஜன்னலாக வைத்தேன்.

அதற்கு வர்ணம் அடித்த அன்று, கீழே வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு மீனவர், "அம்மாம் பெரிய ஜன்னல் இன்னாத்துக்கு?" என்று கேட்டார். காரணத்தைச் சொன்னேன்.

"ரங்கூன் கப்பல் இந்தாண்ட வராது நைனா. அது வடக்கால வந்து அப்டியே ஹார்பர்ல பூந்துக்கும். இங்க தெரியறதெல்லாம் கொயும்புக் கப்பல்."

புயலைப் பற்றிக் கேட்டவன் கப்பலைப் பற்றிக் கேட்கவில்லை. படத்தில் திசை போடத் தெரிந்தால் போதும் என்று இருந்துவிட்டேன். மன்னியிடம் சொல்லவில்லை. அண்ணா வந்ததும் மூன்று பேருமாகச் சிரித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

குடிபோன மாதமே ரங்கூனில் குண்டு விழுந்தது. கடிதம் நின்றது. நான் மரத்துப்போனது அப்போதுதான். ஆபீஸ் போனேன், வந்தேன், போட்டதைச் சாப்பிட்டேன். ஜப்பான்காரன் வருகிறான் என்று ஊரே மூட்டை கட்டியபோதும் மன்னி அசையவில்லை, அதனால் நாங்களும் இருந்தோம். பகலெல்லாம் அவள் ஜன்னலில்தான். ஏதாவது கப்பல் தெரிந்தால், "இது எங்கேர்ந்து வரது?" என்று கேட்பாள்.

"தெரியலை மன்னி" என்பேன். தெரியும்.

ஆடி மாதம் ஒருவர் வந்தார். அண்ணாவோடு வேலை பார்த்தவர். கால் முழுக்கப் புண். கப்பலில் இடம் கிடைக்காமல் இருவரும் கூட்டத்தோடு கூட்டமாகக் காட்டு வழியில் நடந்தே கிளம்பியிருக்கிறார்கள். மணிப்பூரைத் தொட இரண்டு நாள் இருக்கையில் அண்ணாவுக்கு வாந்திபேதி கண்டு, வழியிலேயே முடிந்துவிட்டது. அம்மா தரையில் விழுந்து அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. வந்தவர் சாய்ந்திருந்த சுவரில் பூச்சு உப்பியிருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் மன்னி மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

"அந்த ஜன்னலை அடைச்சுடச் சொல்லுங்கோ."

"காத்து வராதே மன்னி."

"அவர் மலையில நடந்து வந்துண்டிருந்திருக்கார். நான் கடலைப் பாத்துண்டு உக்காந்திருந்தேனே" என்றாள்.

கப்பலிலேயே வந்திருந்தாலும் அந்த ஜன்னலில் அவர் தெரிந்திருக்க மாட்டார் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கொத்தனாருக்கு ஆள் அனுப்பினேன்.