அக்காவின் விலாசம்

அந்த வீடமைப்பு அலுவலகத்துக்கு நான்காவது முறையாகப் போன அன்று, சண்டை போட்டே தீருவது என்ற முடிவோடுதான் போனேன். முதல் மூன்று முறையும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து, சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வந்ததை நினைக்க நினைக்க எனக்கு என் மேலேயே எரிச்சல். தொழிற்சாலையில் வயிற்றுவலி என்று பொய் சொல்லி விடுப்பு எடுத்திருந்தேன். எண் சீட்டைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்தால், எங்களுக்கு முன்னால் நாற்பது பேர். இருந்த ஆறு கவுண்டர் முகப்புகளில் இரண்டில்தான் ஆட்கள் இருந்தார்கள்.

பக்கத்தில் அக்கா. ஐம்பத்திரண்டு வயதாகிறது அவளுக்கு. மடியில் ஒரு பிளாஸ்டிக் கோப்புறையை வைத்து, அதன் மேல் இரண்டு கைகளையும் பரப்பி வைத்திருந்தாள். அதற்குள் இருந்தவற்றைத் திரட்டத்தான் நாங்கள் ஒரு மாதம் அலைந்தோம். செம்பனைத் தோட்டத்து மருந்தகத்தின் பழைய அட்டை ஒன்று, அவள் ஞானஸ்நானம் பெற்ற பதிவின் நகல், தோட்டத்து வரிசை வீடான லயத்தின் வாசலில் அப்பாவோடு அவள் நிற்கும் ஒரு புகைப்படம். அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். பத்து காவான் பக்கம் நாங்கள் பிறந்து வளர்ந்த தோட்டம் கைமாறி, செம்பனை மரமெல்லாம் சாய்க்கப்பட்டு, இப்போது அங்கே தொழிற்பேட்டையும் புது நகரமும் நிற்கின்றன. லயத்தில் குடியிருந்த குடும்பங்களுக்குப் பக்கத்திலேயே கட்டும் அடுக்குமாடியில் மலிவு விலையில் ஒவ்வொரு வீடு கொடுப்பதாகப் பேச்சு. பட்டியல் வந்தது. எங்கள் வரிசையில் இருந்த எல்லாருடைய பெயரும் இருந்தது. அக்காவின் பெயர் மட்டும் இல்லை. லயத்தை இடிக்க இயந்திரம் வந்த அன்று காலை வரைக்கும் அங்கே அடுப்பு மூட்டியவள் அவள்தான்.

இப்போது அவள் ஒரு கடைவீட்டின் மாடியில், முன்பு தோட்டத்தில் தன்னோடு உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கிய இன்னொரு பெண்ணோடு ஒரே அறையில் இருக்கிறாள். வேலையும் அந்தத் தொழிற்பேட்டையில்தான், கழிவறை கழுவுவது. எங்கள் பழைய லயம் எந்த இடத்தில் இருந்தது என்று ஒருநாள் கேட்டேன். கார் நிறுத்தும் இடத்தைக் காட்டினாள். அந்த மாடி அறையும் மாதக் கடைசியோடு காலி செய்ய வேண்டிய இடம். அதனால்தான் இந்த ஓட்டம். பட்டியலில் பெயர் ஏறினால் அவளுக்கென்று ஒரு கதவு. ஏறாவிட்டால் மறுபடி யாருடைய அறையிலாவது பாதி.

என்னோடு வந்து இரு என்று நானும் கேட்டேன், கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. "உங்களுக்கே எடம் இல்ல, இதுல நான் வேறயா" என்றாள். அப்பாடா என்று இருந்தது எனக்கு. மறுபடி கேட்கவில்லை.

தோட்டத்தைப் பற்றிப் பேசினால் இங்கே பலருக்குக் கண் கலங்கும். எனக்கு அந்தக் கலக்கமெல்லாம் இல்லை. பதினெட்டு வயதில், எப்போது இதைத் தலைமுழுகலாம் என்று காத்திருந்தவள் நான். தொழிற்சாலைப் பேருந்து தோட்டத்து முகப்பு வரைக்கும் வந்து பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன காலம் அது. குளிர்சாதன அறை, வெள்ளை அங்கி, மாதச் சம்பளம். ஏறி உட்கார்ந்த முதல் நாளே திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். பிறகு பாயான் பாருவில் ஆறு பெண்களோடு ஓர் அறை, கல்யாணம், ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடி வீடு என்று கடலுக்கு இந்தப் பக்கம், தீவிலேயே தங்கிவிட்டேன்.

அக்காவுக்கும் அந்தப் பேருந்தில் இடம் இருந்தது. ஆனால் தோட்டத்து வீடு யாருக்கும் சொந்தமில்லை. குடும்பத்தில் ஒருவராவது அங்கே வேலை செய்தால்தான் வீடு. அம்மா முன்பே இறந்துவிட்டார். அப்பாவுக்கு ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டன. யாராவது ஒருத்தி வேலையில் இருந்தாக வேண்டும். "நீ போ. நான் பாத்துக்கறேன்" என்று அவள் சொன்னாள். நான் ஒரு பேச்சுக்குக்கூட மறுக்கவில்லை. அப்பா இறந்த பிறகும் அவள் அங்கேயே இருந்தாள். அதற்குள் அவளுக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது, எந்தத் தொழிற்சாலையும் அவளைத் தேடிப் பேருந்து அனுப்பவில்லை.

இப்படி இருந்தவளிடம்தான், நீ அங்கே குடியிருந்ததற்கு அத்தாட்சி என்ன என்று கேட்டார்கள். முதல் முறை போனபோது மின்சார பில் கேட்டார்கள். தோட்டத்து வீட்டுக்கு ஏது பில்? மின்சாரத்தைத் தோட்டமே கொடுத்தது, சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. அப்படியானால் சம்பளச் சீட்டு கொண்டு வாருங்கள் என்றார்கள். ஈரம் அரித்துப் போனது போக மிச்சமிருந்ததை, வீட்டைக் காலி செய்த அவசரத்தில் அக்கா குப்பையோடு எரித்துவிட்டாள். தோட்ட நிர்வாகத்திடம் கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். எந்த நிர்வாகம்? அலுவலகம் இருந்த இடத்தில் இப்போது ஒரு பெட்ரோல் நிலையம் இருக்கிறது. அங்கே கணக்கு எழுதிய பழைய கிராணியைத் தேடிப் பிடித்தால், அவர் மகன் வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார், எங்களை யாரென்றே தெரியவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் ஒரே இடத்தில் உழைத்தவள் பேரில் ஒரு துண்டுக் காகிதம் கிடைக்கவில்லை என்றால் வயிறு எரியாதா?

மூன்றாவது முறை முகப்பில் இருந்தவர் அந்தப் புகைப்படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் விலாசம் தெரியவில்லையே என்றார். அன்றைக்கே மேசையைத் தட்டியிருக்க வேண்டும்.

அக்கா எதற்கும் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். ஒவ்வொரு முறையும் விடியலிலேயே கிளம்பி, பட்டர்வொர்த்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஃபெரி என்று வந்து சேர்வாள். என் வீட்டுக்கு வருவதென்றால் ஆயர் ஈத்தாமுக்கு இன்னொரு பஸ். மாதத்தில் ஒரு ஞாயிறு பூசை முடித்து வருவாள். பல நாட்கள் நான் ஓவர்டைம் முடித்து வருவதற்குள் அவள் வந்துவிடுவாள். என் வீட்டுக்காரரும் மகனும் வெளியே போயிருப்பார்கள். ஒன்பதாவது மாடியில், எங்கள் இரும்புக் கிரில்லுக்கு எதிரே மாடிப்படியில் துண்டை விரித்து உட்கார்ந்திருப்பாள். கருவாடும் கீரையும் பையில் இருக்கும். "ரொம்ப நேரமாச்சா?" என்று கேட்டால், "இப்பத்தான் வந்தேன்லா" என்பாள். பக்கத்து வீட்டுக்காரி பிறகு சொல்வாள், உங்கள் அக்கா இரண்டு மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறார் என்று.

எங்கள் எண் வந்தது. முகப்பில் சின்ன வயதுத் தமிழ்ப்பெண். எனக்குத் தெம்பு வந்துவிட்டது. தமிழில் சண்டை போடுவது சுகம் அல்லவா. உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டேன்.

"இது நாலாவது தடவம்மா. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்னு கேக்கறீங்க. இவங்க அங்கதான் பொறந்தாங்க, அங்கதான் வேல செஞ்சாங்க. இடிக்கிற அன்னைக்கு வரைக்கும் அங்கதான் இருந்தாங்க. இன்னும் என்ன சுராட், என்ன கடுதாசி வேணும் உங்களுக்கு?"

அந்தப் பெண் கோபப்படவில்லை. அக்காவின் அடையாள அட்டையை, ஐசியை, வாங்கி, எண்ணைத் தட்டி, திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, சுராட் பிரச்சன இல்ல. இதுக்கு முன்னாடி யாரும் சொல்லலியா? இவங்க பேர்ல ஏற்கனவே வீடு இருக்கே. ஆயர் ஈத்தாம் வாடக பிளாட்ல. பன்னண்டு வருஷமா அந்தக் குடும்பத்துல இவங்க பேரு இருக்கு. ஐசி அட்ரஸும் அதுதான். வீடு இருக்கிறவங்களுக்கு இன்னொன்னு குடுக்க முடியாதுலா."

"எந்த வீடு?" என்று நான் அதட்டினேன். அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். ஒன்பதாவது மாடி. என் கதவு எண்.

மறந்துவிட்டேன் என்று எழுதினால் அது பாதிப் பொய். பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு எனக்குக் கல்யாணம் ஆன புதிது. வாடகை கட்டி மாளவில்லை. மலிவு வாடகை வீட்டுக்கு விண்ணப்பித்தோம். இரண்டு பேருக்குக் கிடைப்பது கடினம், குடும்பத்தில் மூன்று பேராவது இருந்தால் பார்க்கலாம் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். குழந்தை இல்லை. அக்காவை எழுதினேன். அப்போது எல்லாரும் அப்படித்தான் யாரையாவது எழுதினார்கள். தோட்டத்தில் இருக்கும் அண்ணன், மாமியார், கிடைத்த பெயரெல்லாம் தீவுக்கு வந்தன, ஆள்கள் வரவில்லை. ஐசியில் விலாசம் மாற வேண்டும் என்றதும் அக்காவைக் கூப்பிட்டேன். ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தாள். வரிசையில் நிற்கும்போது, "ஒன்னும் ஆயிடாதே?" என்று கேட்டாள். "வெறும் அட்ரஸ்தானேக்கா" என்றேன். எங்களுக்கு வீடு கிடைத்தது. அடுத்த வருடம் மகன் பிறந்தான். அவள் பெயரை எடுத்துவிடலாம் என்று பலமுறை நினைத்தேன். எடுத்தால் ஏதாவது கேள்வி வருமோ என்று பயந்து விட்டுவிட்டேன். ஒரு மாதமாகக் காகிதம் தேடி அலைந்தபோதும், அவள் ஐசியில் இருந்த விலாசத்தைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. பார்க்க நான் விரும்பவில்லை என்பதுதான் சரி.

இவ்வளவு நாள் யார் யாரையெல்லாம் திட்டினேன்!

அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மேல்முறையீடு போடலாம் ஆன்ட்டி. ஆனா அதுல, இவங்க அந்த பிளாட்ல ஒருநாளும் குடியிருந்ததில்லன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும், குடும்பத் தலைவரும் போடணும். போட்டா அந்த பிளாட் பைலையும் எடுத்துப் பாப்பாங்க. என்ன ஆகும்னு நான் சொல்ல முடியாது. யோசிச்சிட்டு வாங்க."

ஒரு விண்ணப்பப் பாரத்தை நீட்டினாள். பேனா முகப்பிலேயே நூலில் கட்டிக் கிடந்தது. நான் எடுக்கவில்லை. மகனுக்கு இன்னும் இரண்டு வருடத்தில் இடைநிலைப்பள்ளி, வீட்டுக்காரருக்கு நிரந்தர வேலை இல்லை, இந்த வீடும் போனால் எங்கே போவது என்று மனசு ஓடிக்கொண்டிருந்தது. பாரத்தை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தேன். அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் வெயில் கொளுத்தியது. நான் அழுதேன், வெட்கத்தில் வந்த அழுகைதான். "கையெழுத்துப் போட்டுடறேன்க்கா, அவருகிட்டயும் பேசறேன். ரெண்டு நாள் டைம் குடு" என்றேன். எனக்கே அந்தக் குரல் நம்பும்படியாக இல்லை.

"வேணாம்" என்றாள் அக்கா. "பையன வச்சிக்கிட்டு எங்க போவ."

"அப்ப நீ எங்க போவ?"

அவள் கோப்புறையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஐசியை எடுத்து, அதிலிருந்த விலாசத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து மெல்லப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் முதல் முறையாக அவள் முகத்தில் கோபத்தைப் பார்த்தேன்.

"இங்கதான் என் வீடுன்னு கவர்மெண்டே சொல்லுது. பன்னண்டு வருஷமா இருக்கேனாம். நல்லது. எனக்கு சாவி குடு."

கைப்பையைத் திறந்து துழாவினேன். இருந்தது ஒரு கொத்துதான். வீட்டுக்காரரிடம் ஒன்று, மகனிடம் ஒன்று, என்னிடம் இது. நாலாவது கொத்து என்று ஒன்று நாங்கள் செய்ததே இல்லை.

இருவரும் பஸ் ஏறி ஆயர் ஈத்தாமில் இறங்கினோம். சந்தையை ஒட்டி, எங்கள் அடுக்குமாடிக்குத் திரும்பும் முனையில் ஒரு சீனர் சாவி வெட்டுகிறார், குடை ஒன்று, மேசை ஒன்று, இயந்திரம் ஒன்று. என் கொத்தை வாங்கி, எத்தனை வேண்டும் என்று மலாய் மொழியில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னாள், கிரில்லுக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று, மொத்தம் இரண்டு என்று. எங்கள் கதவுக்கு எதிரே உட்கார்ந்து உட்கார்ந்து அவளுக்கு அது மனப்பாடம்.

இரண்டு சாவியும் வெட்ட ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இத்தனை வருடமும் வேலை நாளில் தினமும் அந்தக் குடையைத் தாண்டித்தான் நான் பஸ் ஏறப் போயிருக்கிறேன்.