பெட்டி முன்னால் போகக்கூடாது

தெருமுனையிலேயே லோடு ஆட்டோவை நிறுத்தச் சொல்லிவிட்டு இறங்கிக்கொள்கிறார் நல்லகாமன். கையில் ஒன்றுமில்லை, தோளில் துண்டு மட்டும். ஏதோ விலாசம் தேடி வந்தவர் மாதிரி அந்த வீட்டைத் தாண்டி நடக்கிறார், காதை மட்டும் வாசல் பக்கம் கொடுத்துக்கொண்டு. உள்ளே அழுகைச் சத்தம் கேட்டால் அவருக்கு உயிர் வருகிறது. மிக்ஸி ஓடினாலோ டி.வி. பாடினாலோ அப்படியே திரும்பிவிடுவார். “இன்னும் வீட்ல சொல்லலப்பா. வண்டிய அங்கிட்டுத் தள்ளி நிப்பாட்டு” என்பார் ஓட்டுநரிடம்.

பழங்காநத்தத்தில் ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறவர் அவர். இறந்தவரைக் கிடத்தி வைக்கிற, கண்ணாடி மூடி போட்ட குளிர்பெட்டி. அவர் மனைவியின் தம்பி அருள்பாண்டி பிளாஸ்டிக் சேரும் பந்தலும் வாடகைக்குப் போடுகிறான். இருவருக்கும் ஒரே தொழில் மாதிரிதான். பெட்டியின் ஒரு முனை இவர் தோளென்றால் மறுமுனை அவன் தோள். துக்க வீட்டில் ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்லக்கூடாது அல்லவா? சொல்லாமல் கிளம்பிக் கிளம்பி அதுவே பழகிவிட்டது மனிதருக்கு. டீக்கடையிலும் சொல்லாமல்தான் எழுந்து போவார். தெரியாதவர்கள் திமிர் பிடித்த ஆள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

இத்தனை நாளும் வாடகைக்கு வந்த லோடு ஆட்டோக்காரர் வண்டியை விற்றுவிட்டு ஊருக்குப் போகிறார். சொந்தமாக ஒன்று வாங்கியே தீர வேண்டும். அங்கேதான் மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் முட்டிக்கொண்டது. அவருக்கு மூடிய வேன், அவனுக்குப் பின்பக்கம் திறந்த பிக்கப்.

“பிக்கப்புன்னா பெட்டி, ஜெனரேட்டரு, சேரு, பந்தக் கம்பு அம்புட்டும் ஒரே நடையில போயிரும் மச்சான். வேனுக்குள்ள பதினஞ்சடிக் கம்ப எங்கிட்டு வைக்க? என் தலையிலயா?”

“பெட்டி வெளிய தெரியக்கூடாது மாப்ள.”

“எல்லாவனும் தொறந்த வண்டியிலதானய்யா கொண்டு போறான்! நீங்க வேனுதான் எடுப்பீகன்னா நீங்க தனி, நான் தனி.”

மிரட்டலுக்காகச் சொல்லவில்லை அவன். அவனுக்கும் குடும்பம் இருக்கிறது. அவன் விலகிவிட்டால் பெட்டியின் மறுமுனையைத் தூக்க வேறு தோள் தேடவேண்டும் என்பது நல்லகாமனுக்கும் தெரியும். அதைவிட, அக்காள் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் இடையே பேச்சு நின்றுபோகும். இருந்தும் அவரால் பிக்கப்புக்குத் தலையாட்ட முடியவில்லை.

காரணம் ஆனையூரில் இருக்கிறது. வெளியூரில் வேலை பார்த்த ஜூடு என்ற பையன் விபத்தில் போய்விட்டான். தாய் சூசையம்மாளிடம் காலில் அடி என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார்கள். நம் பக்கத்தில் அப்படித்தானே, உடல் வந்து சேருகிறவரைக்கும் பெற்றவளிடம் யாரும் வாய்திறப்பதில்லை. உடலுக்கு முன்னால் பெட்டி வந்து காத்திருக்கட்டும் என்று ஒரு சொந்தக்காரர் போன் செய்தார். இந்த ஒளிவுமறைவைச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. கேட்க நல்லகாமனுக்கும் தோன்றவில்லை. அன்றைக்கு அருள்பாண்டி கூட வரவில்லை; வண்டி நேரே வாசலில் போய் நின்றது. படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாளிடம், “இதுதானம்மா ஜூடு வீடு?” என்று கேட்டார்.

“ஆமாய்யா, என் மகன்தான். அவன் ஊர்ல இல்லையே. சாமான் கீமான் எதுவும் வாங்கிப் போட்டிருக்கானா?” என்று சிரித்த முகமாக எழுந்து வந்தவள், வண்டியின் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள்.

அழவில்லை அவள். கையிலிருந்த கீரையைக் கீழே போடவும் இல்லை. கண்ணாடி மூடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாவி நான் போய் அவளுக்குச் சொல்லவேண்டியதாகிவிட்டதே என்று இன்றைக்கும் சோற்றில் கை வைத்தவர் அப்படியே எழுந்துவிடுவதுண்டு. அதற்குப் பிறகுதான் இந்த முன்னால் நடந்து பார்க்கிற பழக்கம். ஆனால் அவர் திரும்புவதற்குள் முனையில் நிற்கிற பெட்டியை நாலு பேர் பார்த்து, சேதி அவரை முந்திக்கொண்டு ஓடிவிடுகிறது. மனைவியிடம்கூடச் சொல்லாத விஷயம் இது. மச்சினனிடம் மட்டும் எப்படிச் சொல்வார்?

பைபாஸ் ஓரத்தில் பழைய வண்டிகள் விற்கிற இடம். பிக்கப்பும், சுற்றுலாவுக்கு ஓடிய ஒரு வேனும் அடுத்தடுத்து நின்றன. அருள்பாண்டி பிக்கப்பின் டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“மாப்ள, இப்பிடித் தரையில உக்காரு.”

“எதுக்கு?”

“உக்காரேன். வாசப்படியில ஒரு பொம்பள உக்காந்திருப்பாள்ல, அந்த ஒசரத்துக்கு.”

முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தான். நல்லகாமன் பிக்கப்பின் தளத்தில் ஏறி, துண்டைப் பெட்டி உயரத்துக்கு விரித்துப் பிடித்தார். “தெரியுதா?”

“தெரியுது.”

அதே துண்டை வேனுக்குள் இருக்கையின் முதுகில் போட்டுத் திரையை இழுத்துவிட்டார். “இப்ப?”

“ஒண்ணும் தெரியல. எதுக்கு மச்சான் இதெல்லாம்?”

“ஆனையூர்ல ஒரு தாயி, பெட்டியப் பாத்துத்தான்டா மகன் செத்ததத் தெரிஞ்சுக்கிருச்சு. கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்துச்சு.” வேனுக்குள் கிடந்த துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

அருள்பாண்டி உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. அங்கிருந்தபடியே வேனின் கூரையை அண்ணாந்து பார்த்தான்.

“மேல கேரியர் இருக்கு. கம்பையும் சேரையும் அதுல கட்டிக்கிருவோம். சேரப் பாத்தா விசேஷ வீடுன்னுதான் நெனப்பாக.”

நல்லகாமன் வேன் கதவை இழுத்தார், தடாலென்று சாத்திக்கொண்டது. மறுபடி திறந்தார். இந்தத் தடவை இரண்டு கையாலும் பிடித்து, தூங்குகிற வீட்டில் சாத்துவதுபோல, சத்தம் வராமல் சாத்தினார்.