அழைத்துப் போக வராத மாப்பிள்ளை

உத்தம் கௌர் ஓர் இடத்தில் உட்கார்ந்து ஊரில் யாரும் பார்த்ததில்லை. ரொட்டி சுடும்போதுகூட ஒரு கை அடுப்பிலும் இன்னொரு கை அடுத்த வேலையிலும் இருக்கும். "இவளைத் தொட்டில்ல போட்டு வளக்கல, செக்குல கட்டி வளத்திருக்காங்க" என்று அவள் கணவர் வஸாகா சிங் பிறரிடம் சொல்வார். அவர் நேர் எதிர். கட்டிலில் சாய்ந்தால் கட்டிலே அலுத்துப்போய் எழுப்ப வேண்டும்.

ராவிக்கு மேற்கே, வாய்க்கால் கரையில் இருந்த கோட்லா என்கிற சின்ன ஊர் அவர்களுடையது. கோதுமை நிலம், ஓர் எருமை, ஒரு மாட்டு வண்டி. பெற்றதில் தங்கியது மிந்தோ ஒருத்திதான். அவளுக்கு முந்தைய குளிர்காலத்தில் கல்யாணம் ஆனது. ஆற்றுக்குக் கிழக்கே, பக்கோவால் கிராமத்தில் குர்தித் சிங் என்ற பையன். பாலம் வழியாகப் போனால் மொத்தம் ஒரு நாள் வண்டிப் பயணம்.

புது மருமகள் சாவண் மாதத்தில் மாமியாரோடு ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது. அதனால் மழை பிடித்ததும் உத்தம் கௌரே ஆள் அனுப்பி மிந்தோவை வரவழைத்தாள். மகள் வந்தாள், அரசமரத்தில் ஊஞ்சல் ஆடினாள், தோழிகளோடு இனிப்பு அப்பம் சுட்டுத் தின்றாள். அடுத்த மாதம் பாதோன் பிறந்ததும் மாப்பிள்ளை வந்து அழைத்துப் போவார். அதுதான் முறை. பெண் தானாகக் கிளம்பக் கூடாது. பெற்றவர்கள் கொண்டுபோய் விடவும் கூடாது.

கொண்டுபோய் விட்டால் என்ன ஆகும் என்று உத்தம் கௌருக்குத் தெரியும். அவளுடைய அக்காவை அப்படித்தான் அப்பா ஒரு தடவை, அறுவடை அவசரத்தில், புகுந்த வீட்டு வாசலில் இறக்கிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அக்கா எதற்கு வாயைத் திறந்தாலும், "கூப்பிடாம வந்தவதானே நீ" என்று ஒரு சொல் வந்து விழும். பேரப்பிள்ளை எடுத்த பிறகும் விழுந்தது.

அந்த வருஷம் சாவண் முடிவதற்குள் வெள்ளைக்காரன் கிளம்பிவிட்டான். கிளம்புகிறவன் நாட்டை இரண்டாக்கி வைத்துவிட்டுப் போகிறான், கோடு எங்கே என்பதை மட்டும் இன்னும் சொல்லவில்லை என்றார்கள். ராவிதான் கோடு என்றார்கள். இல்லை, செனாப் என்றார்கள். முஸ்லிம்களுக்கு ஒரு நாடு, இந்துவுக்கும் சீக்கியனுக்கும் ஒரு நாடு. கோட்லா எதில் என்று யாருக்கும் தெரியாமலே சுதந்திர நாள் வந்து போனது. அதற்குப் பிறகுதான் கோடு வெளியானது. கோட்லா பாகிஸ்தானில். பக்கோவால் இந்தியாவில்.

வஸாகா சிங் கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். "அப்ப நம்ம மாப்பிள்ளை வெளிநாட்டு மாப்பிள்ளை ஆயிட்டாரு" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

வடக்கே ஓர் ஊரிலிருந்து புகை எழுந்தது. மறுநாள் இன்னோர் இடத்திலிருந்து. கோட்லாவின் சீக்கியக் குடும்பங்கள் மூட்டை கட்டின. பக்கத்துப் பெரிய ஊரில் எல்லோரும் கூடுவது, அங்கிருந்து பட்டாளத்தார் காவலோடு வண்டிகள் வரிசையாகப் பாலத்துக்குப் போவது என்று ஏற்பாடு. வஸாகா சிங்கின் அண்ணன் வந்து வண்டியைப் பூட்டச் சொன்னார்.

உத்தம் கௌர் மறுத்தாள். "மாப்பிள்ளை வர்ற நேரம். நாம போயிட்டா அவரு இங்க வந்து யாரைத் தேடுவாரு? காலியான ஊருக்குள்ள ஒத்தையா ஒரு சிங் பையன் நுழைஞ்சா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?"

அதில் ஒரு நியாயம் இருந்தது. அதனால்தான் வஸாகா சிங்கால் அவளை அதட்ட முடியவில்லை. பாதி பயம் அந்தப் பையனின் உயிருக்கு. மீதிப் பாதி அக்காவின் வாசலுக்கு. எது எவ்வளவு என்று உத்தம் கௌர் தனக்குள்ளேயே பிரித்துப் பார்க்கவில்லை.

"நீங்க முன்னால போங்க. வண்டியையும் கொண்டுபோங்க" என்றார் வஸாகா சிங் அண்ணனிடம். "மாப்பிள்ளை வந்ததும் நாங்க நாலு பேரும் நடந்தே வந்து சேந்துக்கறோம்." பெட்டியும் ரஜாய்ப் போர்வைகளும் கோதுமை மூட்டையும் அந்த வண்டியில் போயின.

பிறகு காத்திருப்பு. உத்தம் கௌர் விடியும் முன் வாய்க்கால் மேட்டுக்குப் போவாள். கிழக்கே பார்ப்பாள். திரும்புவாள். எருமைக்குத் தண்ணீர் காட்டுவாள். மறுபடி மேட்டுக்குப் போவாள். தூரத்தில் ஒரு புள்ளி அசைந்தால் முக்காட்டைச் சரிசெய்துகொள்வாள். அது நெருங்கி நெருங்கி ஒரு கழுதையாக மாறும். மாப்பிள்ளைக்காகப் பாலைச் சுண்டக் காய்ச்சுவாள். சாயங்காலம் மூவரும் அதைக் குடிப்பார்கள். மறுநாள் மறுபடி காய்ச்சுவாள்.

"அவர் வரமாட்டார்மா" என்றாள் மிந்தோ.

"ஏன் வரமாட்டாரு?"

"யாராச்சும் எழுந்திருன்னு சொன்னாத்தான் எழுந்திருப்பார். சாப்பிடுன்னு சொன்னாத்தான் சாப்பிடுவார். அங்க யார் சொல்லியிருக்கப் போறா?"

"புருஷனை அப்படிப் பேசாதடி."

"கெட்டவர்னா சொன்னேன்? நல்லவர்தான். அப்பா மாதிரி."

கட்டிலில் கிடந்த வஸாகா சிங் கண்ணைத் திறக்காமலே, "ஏம்மா, நான் என்ன பண்ணினேன்?" என்றார்.

"அதைத்தான் அவளும் சொல்றா" என்றாள் உத்தம் கௌர். சொல்லிவிட்டு மறுபடி மேட்டுக்குக் கிளம்பினாள்.

ஊரில் மிச்சம் இருந்தவர்கள் முஸ்லிம் குடும்பங்கள். அவர்களும் நிம்மதியாக இல்லை. கிழக்கேயிருந்து துரத்தப்பட்டு வந்தவர்கள் மசூதிச் சுவரோரம் படுத்துக் கிடந்தார்கள். அவர்கள் சொன்ன கதைகளைக் கேட்டு ஊர் இளவட்டங்களின் முகம் மாறிக்கொண்டிருந்தது. செக்காட்டும் குடும்பத்து ஃபத்தோ தினமும் எண்ணெய் கொடுக்கும் சாக்கில் வருவாள். உத்தம் கௌரோடு ஒரே வருஷம் இந்த ஊருக்கு மருமகளாக வந்தவள். வந்த நாளிலிருந்து இருவரும் சண்டை போட்டு, பேசாமல் இருந்து, பிறகு பேசி, இப்படியே பிள்ளைகளை வளர்த்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஃபத்தோ வெறுங்கையோடு வந்தாள்.

"அக்கா, இன்னிக்கு மத்தியானம் தொழுகை. ஆம்பளைங்க எல்லாம் மசூதிக்குப் போவாங்க. அந்த நேரத்துல கிளம்பிடுங்க."

"அவரு வரட்டும் ஃபத்தோ."

"என் கொழுந்தன் உங்க எருமைக்கு ஏற்கெனவே ஒரு பேரு வெச்சுட்டான். ராத்திரி என் வீட்டு முற்றத்துல உக்காந்து யாருக்கு எந்த அறைன்னு பேசினாங்க. மிந்தோ பேரையும் பேசினாங்க. நான் இதுக்கு மேல சொல்லமாட்டேன்."

உத்தம் கௌர் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"நாங்க போன பிறகு அவரு வந்தா?"

"வாய்க்கால் மேட்டுல நான் நிக்கறேன். துணி காயப்போடற மாதிரி. வந்தா அப்படியே திருப்பி அனுப்பறேன்."

"உனக்கு அவரு முகம் தெரியுமா?"

ஃபத்தோ யோசித்தாள். "கல்யாணத்துலதான் பாத்தேன். முகம் பூராவும் பூச்சரம் தொங்கிச்சு. மூக்கு நுனிதான் தெரிஞ்சுது." பிறகு சலிப்போடு சொன்னாள்: "எந்த சிங் பையன் வந்தாலும் திருப்பி அனுப்பறேன்க்கா. இந்தப் பக்கம் இனிமே எத்தனை பேரு வரப்போறாங்க?"

அந்தக் கடைசி வாக்கியம்தான் உத்தம் கௌரை அசைத்தது. அதுவரை மேட்டில் நின்று பார்த்த கிழக்குத் திசையில், கிழக்கேயிருந்து வந்தவர்களில், சீக்கியத் தலைப்பாகை கட்டிய ஒருவனைக்கூடத் தான் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

தொழுகை அழைப்பு ஓய்ந்ததும் மூவரும் பின்வாசல் வழியாக இறங்கினார்கள். எருமையை அவிழ்த்து ஃபத்தோவின் கொட்டிலை நோக்கி ஓட்டிவிட்டாள் உத்தம் கௌர். கொழுந்தனுக்குப் போவதைவிட அவளுக்குப் போகட்டும். தூறல் போட்டது. ஆளுயர மக்காச்சோளத்துக்குள் புகுந்து நடந்தார்கள். இலைகள் முகத்தைக் கீறின. வஸாகா சிங்கின் செருப்பு சேற்றில் ஒன்று, பிறகு இன்னொன்று போய்விட்டது. ஓர் இடத்தில் பாதையில் ஆட்கள் ஈட்டிகளோடு பேசிக்கொண்டு போனார்கள். பேச்சு மழையைப் பற்றித்தான். மிந்தோவின் வாயை அவள் அம்மா பொத்தியிருந்தாள். மிந்தோ சத்தமே போடவில்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலை பாலத்தில் கூட்டம் இருந்தது. ஒரு பக்கம் கிழக்கே போகிறவர்கள், மறுபக்கம் மேற்கே வருகிறவர்கள். நடுவில் பட்டாளத்தார். இரண்டு வரிசையும் ஒன்றையொன்று பார்க்காமல் நகர்ந்தன. கட்டில், கோழிக்கூடு, நோயாளி, குழந்தை என்று இரு பக்கத்தாரும் ஒரே மாதிரிச் சுமைகளைத்தான் சுமந்தார்கள். உத்தம் கௌர் மட்டும் எதிர்வரிசையின் ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டே போனாள்.

"அங்க என்ன பாக்கற? அவங்கள்ளாம் முஸ்லிமுங்க" என்றார் வஸாகா சிங்.

"மாப்பிள்ளை பயந்து தாடியை எடுத்துட்டு வந்திருந்தா?"

கொஞ்சதூரம் போனதும் வஸாகா சிங்கும் எதிர்வரிசையைப் பார்க்க ஆரம்பித்தார். கீழே ஆறு செம்மண் நிறத்தில் ஓடியது. அதில் மிதந்து போனவற்றைப் பார்க்க வேண்டாம் என்று மிந்தோவின் முக்காட்டை இழுத்துவிட்டாள் அம்மா. மாப்பிள்ளை பாலத்தில் இல்லையென்றால் படகுத்துறை வழியாகப் போயிருப்பார். இந்நேரம் கோட்லா மேட்டுக்கு வந்திருப்பார். ஃபத்தோ நின்றிருப்பாளா? அவள் கொழுந்தன் அவளை நிற்கவிட்டிருப்பானா? அக்கரை மண்ணில் கால்வைத்தபோது எல்லோரும் வாஹேகுரு என்று கும்பிட்டார்கள். உத்தம் கௌர் திரும்பி, வந்த வழியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பக்கோவாலை அவர்கள் அடைந்தபோது வெயில் இறங்கியிருந்தது. ஊரெல்லையில் மிந்தோ நின்றாள்.

"அம்மா, நான் மட்டும் உள்ள போறேன். நீங்க கொண்டுவந்து விட்டதா இருக்க வேண்டாம்."

"தானா வந்தவன்னு இருக்கட்டுமா? அது இதைவிட மோசம்டி" என்றாள் உத்தம் கௌர். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு முதலில் நுழைந்தாள்.

வாசலில், வேப்பமர நிழலில், குர்தித் சிங் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தான். முழுசாக. எண்ணெய் வைத்து முடிந்த கொண்டையோடு. அவர்களைக் கண்டதும் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடிவந்து மாமியாரின் காலைத் தொட்டான். உத்தம் கௌர் முதலில் அவன் தலையைத் தொட்டுப் பார்த்தாள். உயிரோடு இருக்கிறான். அடுத்த நொடியே அந்த உயிரை எடுத்துவிடலாமா என்று அவளுக்கு வந்தது.

"கிளம்பவே இல்லையா நீங்க?"

"ஊரே இந்தப் பக்கம்தானே வந்துட்டிருக்கு" என்றான் அவன், தலையைச் சொறிந்தபடி. "நீங்களும் வருவீங்க, எதிரும்புதிருமா தவறவிட்டுடக் கூடாதுன்னு இங்கேயே இருந்தேன். தினம் சாலைக்குப் போய்ப் பாப்பேன்."

அதிலும் ஒரு நியாயம் இருந்தது. அதுதான் பொறுக்கவில்லை. மிந்தோ முக்காட்டுக்குள்ளிருந்து அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

சம்பந்தி அம்மாள் சந்தி இரண்டு பெரிய டம்ளரில் மோரோடு வந்தாள். கண் கலங்கியிருந்தது. ஆனாலும் வாய் அதன் வேலையைச் செய்தது. "எங்க வீட்ல பாதோன்ல மருமகளை அழைக்கற வழக்கம் இல்ல சம்பந்தி. அதுக்கு அடுத்த மாசம், அஸ்ஸு பிறந்துதான். சொல்லியனுப்பினேனே, சேரலையா? பரவாயில்ல, கொண்டுவந்து விட்டுட்டீங்க. நல்லதாப் போச்சு."

கொண்டுவந்து விட்டுட்டீங்க. சொல் வந்து விழுந்துவிட்டது.

வஸாகா சிங் டம்ளரை வாங்கினார். உதடுவரை கொண்டுபோய் நின்றார். பெண் கொடுத்த வீட்டில், அந்த ஊர்க் கிணற்றில்கூட, பெற்றவர்கள் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை. முந்தைய நாள் மத்தியானத்திலிருந்து அவர் வாயில் மழைநீரைத் தவிர எதுவும் படவில்லை. அவர் மனைவியைப் பார்த்தார்.

"குடிங்க அண்ணா" என்றாள் சந்தி. "எது யாரு வீடுன்னு இப்ப யாருக்குத் தெரியுது?"

"பொண்ணு வீடுன்னு எனக்குத் தெரியும்" என்றாள் உத்தம் கௌர்.

முற்றத்தின் மூலையில் தீவனம் வெட்டும் சக்கரம் நின்றது. பக்கத்தில் வெட்டாத பசுஞ்சோளத் தட்டை குவிந்து கிடந்தது. மாடுகள் கத்திக்கொண்டிருந்தன. உத்தம் கௌர் அங்கே போனாள். முக்காட்டை இடுப்பில் இறுக்கிச் செருகினாள். ஒரு கையால் தட்டையைத் திணித்து மறுகையால் சக்கரத்தைச் சுழற்றினாள். அது ஒருத்தி செய்யும் வேலை இல்லை. பாதிச் சுற்றில் திணறி நின்றது.

"சம்பந்தி, என்ன இது, விடுங்க" என்று சந்தி பதறினாள்.

"கூலி வேலை. கூலிக்குக் குடுக்கறதைக் குடிச்சா தப்பில்ல. அவருக்கும் சேத்து வெட்டறேன், அந்த மோரை அவர் குடிக்கட்டும்."

குர்தித் சிங் ஓடிவந்தான். "அம்மா, நான் வெட்டறேன். நீங்க நகருங்க."

"வர வேண்டிய நேரத்துல நீ வரல" என்றாள் அவள். மாப்பிள்ளையை ஒருமையில் கூப்பிட்டதை யாரும் கவனித்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. "இப்ப தட்டையைத் திணி. விரலைப் பாத்துக்க."

அவன் குந்தி உட்கார்ந்து திணித்தான். அவள் சுழற்றினாள். சக்கரம் பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தது. நறுக்கின பச்சைத் தீவனம் அந்தப் பக்கம் கொட்டியது. வஸாகா சிங் டம்ளரைக் காலி செய்துவிட்டு மீசையைத் துடைத்தார். பாதிக் குவியல் தீர்ந்ததும் உத்தம் கௌர் நிறுத்தினாள். கையை நீட்டினாள். சந்தி இரண்டாவது டம்ளரைக் கொடுத்தாள். உத்தம் கௌர் நின்றபடியே ஒரே மூச்சில் குடித்து, டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மீதிக் குவியலுக்குத் திரும்பினாள்.