கணேசண்ணாவோட காயாத பம்பர்

...அதாங்க எனக்கு நம்பவே முடியல, நேத்து சாயந்திரம்கூட நல்லாத்தானே பேசிட்டிருந்தார். காலையில எந்திரிக்கல. எங்க கீழ்வீட்டு கணேசண்ணா போயிட்டார்.

இந்த வங்காள ஊரு ஜாதவ்பூர்ல, எங்க பில்டிங்ல ரெண்டே தமிழ்க் குடும்பம். ஒண்ணு நாங்க, ஒண்ணு அவங்க. போர்ட் ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவர். எங்க வீட்டுக்கு வந்தவங்களுக்குத் தெரியும்... கராஜ்ல பம்பர் இல்லாம ஒரு வெள்ளைக் கார் நிக்குமே, அது அவரோடதுதான்.

கிடர்பூர் மார்க்கெட்ல ஒரு கைவண்டி இடிச்சு அந்த ஃபைபர் பம்பர் விரிசல் விட்டுடுச்சு. மெக்கானிக்கிட்ட போக மாட்டேன்னுட்டார். யூட்யூப் பாத்துட்டு வீட்டு பால்கனியிலயே ஆரம்பிச்சார்.

முதல் நாளே அவர் சம்சாரம் விஜயாக்காவோட தயிர்க் கிண்ணத்துல, விரிசலை ஒட்டற ரெசின் பசையைக் கலக்கிட்டார். அதை இறுக வைக்கிற ஹார்டனர் கூடிப்போச்சு போல... பம்பர்ல தடவறதுக்குள்ள கிண்ணத்துலயே கல்லாட்டம் இறுகிடுச்சு, கரண்டியோட! அக்கா அதை அப்படியே கொண்டாந்து, "இந்தாங்க, இன்னைக்குத் தயிர் நல்லா உறைஞ்சிருக்கு, போட்டுச் சாப்பிடுங்க"ன்னாங்க. நான் சிரிச்ச சிரிப்புல வயிறு வலியே வந்துடுச்சு.

அப்புறம்தான் அண்ணாவுக்குத் தலைசுத்தல். இனிமே வண்டி ஓட்டக்கூடாதுன்னுட்டார் டாக்டர். பெங்களூர்ல இருக்கிற மகன் போன்ல ஒரே பிடிவாதம், "வித்துடுங்கப்பா"ன்னு.

"பம்பர் இல்லாத வண்டிய எவன்டா வாங்குவான்? முடிச்சதும் குடுத்துடறேன்."

அவ்வளவுதான். அன்னையில இருந்து அந்த பம்பர் முடியவே இல்ல.

பட்டி போடுவார், தேய்ப்பார், ப்ரைமர் அடிப்பார், பெயிண்ட் அடிப்பார்... காஞ்சதும் கண்ணாடியப் போட்டுப் பாத்து, "இங்க ஊசிமுனையாட்டம் ஒரு ஓட்டை இருக்கும்மா"ம்பார். மறுபடி தேய்ப்பு. மழைக்காலத்துல பெயிண்ட் ஈரம் பட்டு மங்கிப் போகும், அன்னைக்கெல்லாம் அண்ணா முகத்தைப் பாக்கணுமே, அப்படி ஒரு சந்தோஷம்.

மேல்வீட்டு வங்காளி அண்ணி, பௌதின்னுதான் கூப்பிடுவோம், மாடிப்படியில நின்னுட்டே வம்பு இழுப்பாங்க. அண்ணா அவங்களுக்கு தாதா. "தாதா, ஊரு பூரா துர்கா சிலை செஞ்சு, பூஜை பண்ணி, கங்கையில கரைச்சும் முடிச்சுடறாங்க. உங்க பம்பர் எப்போ?"

அண்ணா சிரிச்சுட்டே மறுபடி தேய்க்க ஆரம்பிப்பார்.

ஏன்னு எனக்குத் தெரியும். சாயந்திரமானா ரெண்டு பேரும் டீ கிளாஸைக் கையில எடுத்துட்டு அந்த வண்டிக்குள்ள போய் உக்காருவாங்க. அண்ணா டிரைவர் சீட்டுல, அக்கா பக்கத்துல. சாவி போட மாட்டார். சும்மா ஸ்டியரிங்கைப் புடிச்சுட்டு, "அலிப்பூர் தாண்டிட்டோம்"பார். "மெதுவாப் போங்க"ம்பாங்க அக்கா.

இந்த வருஷ ஆயுத பூஜைக்கு என்ன ஆச்சு தெரியுமா... பம்பர் கண்ணாடியாட்டம் வந்துடுச்சு. ஒரு குத்தம் சொல்ல முடியாது. "நல்லா வந்துடுச்சும்மா"ன்னார், ஏதோ துக்கம் சொல்ற மாதிரி.

நான் வழக்கம்போல சந்தனம் குங்குமம் எடுத்துட்டு சைக்கிள், தண்ணி மோட்டார்னு எல்லாத்துக்கும் வெச்சுட்டே வந்தேன். பம்பருக்கும் நடுவுல நல்லா அழுத்தி ஒரு பொட்டு. காஞ்சிருக்கும்னுதாங்க நெனச்சேன்... கட்டைவிரல் அப்படியே பதிஞ்சிடுச்சு. குங்குமம் பெயிண்ட்ல ஊறிப்போச்சு.

"ஐயோ சிவனே! கெடுத்துட்டேனே அண்ணா!"

குனிஞ்சு பாத்தார். முகமே மாறிடுச்சு. "கெடுத்துட்டியேம்மா! முழுசாத் தேய்க்கணுமே இனி!"ன்னு அப்படி ஒரு சத்தம்... கல்யாண வீட்டுல கூப்பிடற மாதிரி. உடனே மகனுக்குப் போன். "டேய், இன்னும் ஒரு மாசம் ஆகும்டா. நான் என்ன பண்றது, சாமி காரியம்."

அக்கா அடுப்படியில இருந்து என்னைப் பாத்துத் தலையாட்டினாங்க. அந்த வாரம் அவங்க வீட்டுல இருந்து எனக்கு ரெண்டு தடவ பாயசம் வந்தது.

இன்னைக்கு மத்தியானம் மகன் வந்துட்டார். கராஜ்ல அண்ணாவைக் கிடத்த இடம் வேணும், வண்டிய வெளிய தள்ளலாமான்னு யாரோ கேட்டாங்க.

"பம்பர் இன்னும் முடியல"ன்னாங்க அக்கா. அது மட்டும்தான் சொன்னாங்க. யாரும் வண்டியத் தொடல. பக்கத்துலயே கிடத்தினோம்.

போயிட்டு வாங்கண்ணா. ஈசன் கூட வருவான்... மெதுவாப் போங்க.

அட... இப்பத்தான் ஞாபகம் வருது. போன வாரம் என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, அடுத்து உன் காலண்டர்ல என்ன விசேஷம்?"னு கேட்டார். "திங்கக்கிழமை கார்த்திகை சோமவாரம் அண்ணா"ன்னேன். "அப்ப அன்னைக்குக் காலையில பெயிண்ட் அடிச்சுடறேன். ஈரமா இருக்கும்போதே குங்குமத்தை எடுத்துட்டு வந்துடு"ன்னார்.

இன்னைக்குத்தாங்க சோமவாரம்.