நிலா வந்த புகார் மனு

1. முதல் மனு

நான் எழுதிய முதல் புகார் மனு நான்கு பக்கம். மூன்றாம் பக்கத்தில் நிலா வருகிறது. சம்பவம் நடந்ததோ காலை பதினோரு மணிக்கு.

புனேயில் திருநங்கைகளின் உரிமைக்காக நடந்துவந்த ஒரு தொண்டு நிறுவனத்தில் அன்றுதான் டாக்குமென்டேஷன் ஆபீசராகச் சேர்ந்திருந்தேன். இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. அதற்கு முன் ஐந்தாறு வருடம் அதே ஊரில் கடை கடையாகக் கைதட்டிக் கேட்டுப் பிழைத்தவள் நான். நடுவில் இரண்டு கதைகள் தமிழ்ப் பத்திரிகையில் வந்துவிட்டதால் எழுத்தாளர். அந்த ஆபீசில் இருந்த ஒரே திருநங்கையும் நான்தான். மற்றவர்கள் எல்லோரும் எங்களைப் பற்றிப் படித்தவர்கள்.

நாற்காலி சூடாவதற்குள் ரேகா வந்து நின்றாள். விழுப்புரத்துக்காரி. புனேயை ஒட்டிய நிக்டியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக் காலனிப் பெண்களுக்கு பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் கூட்டத்தில் சிக்னலில் கை நீட்டாமல் சாப்பிட்டவள் அவள் ஒருத்திதான். அன்று காலை வீட்டுக்காரர் அவளை வெளியே தள்ளிக் கதவைப் பூட்டிவிட்டார். தையல் மெஷின் உள்ளே மாட்டிக்கொண்டது.

"அக்கா, மெஷின் வரலன்னா நான் திரும்ப சிக்னலுக்குத்தான் போவணும். நீதான் பெரிய எழுத்துக்காரியாச்சே, எழுதிக் குடு" என்றாள்.

எழுதினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுவதையும் இறக்கினேன். ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் நான்கு பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார். அவர் ஹிந்தியில் கேட்டதைத் தமிழில் தருகிறேன்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. யாரு தள்ளினது?"

வீட்டுக்காரர் என்றேன்.

"அவர் பேர் எங்கயும் இல்லையே. 'இந்தச் சமூகம் அவளை வெளியே தள்ளியது'ன்னு இருக்கு. சமூகத்த நான் எந்தத் தெருவுல போயி பிடிக்கிறது?"

கான்ஸ்டபிள்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வெளியே வந்து யோசித்தால், அந்த ஆள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

2. இரண்டாவது மனு

பதினோரு வரி. வீட்டுக்காரர் பெயர், தேதி, மணி, அறை எண், உள்ளே கறுப்புத் தையல் மெஷின் ஒன்று, தைக்க வந்த துணிகள் ஒன்பது. குறை சொல்ல முடியாததால் இன்ஸ்பெக்டர், "நாளைக்கு வாங்க" என்றார். அப்படி நான்கு நாளைக்குகள் போயின.

இதற்கிடையில் எங்கள் டைரக்டர் மேடம் அந்தப் பதினோரு வரியைப் பார்த்தார். ராணுவ அதிகாரி வீட்டுத் தமிழ்ப்பெண். பாவம், நல்ல மனசு.

"என்னம்மா இது, லாண்டரி பில் மாதிரி இருக்கு? பணம் குடுக்கிற ஃபண்டருக்கு அனுப்பணுமே. கொஞ்சம் எமோஷன் வேணாமா? அந்த நிலா வெர்ஷன் இருக்கா?"

எடுத்துக் கொடுத்தேன். நிலாவுக்கும் ஒரு வேலை கிடைத்தது.

3. பேடா

ஐந்தாம் நாள் நாங்கள் உள்ளே நுழைந்ததும் இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றார். நாற்காலி வந்தது. பேடா டப்பா வந்தது.

"பையன் பொறந்திருக்கான். வீட்டுக்கு வந்து ஒரு ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போங்க."

இந்த ஊர்ப்பக்கம் அது வழக்கம். நாங்கள் வாழ்த்தினால் பலிக்கும், வயிறெரிந்தால் அதுவும் பலிக்கும் என்று நம்புகிறார்கள். நானோ வேலையில் சேர்ந்த அன்றே இனிக் கைதட்டுவதில்லை, வாழ்த்துவதில்லை, பேசினால் சட்டம்தான் பேசுவது என்று முடிவெடுத்தவள். நான்கு நாட்களாக அந்தச் சட்டத்தை யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ரேகா பேடாவைத் தொடவில்லை. டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் என் கொள்கை காற்றில் போய்விட்டது.

"மனசு நெறைஞ்சாத்தான் சார் வாக்கு பலிக்கும். இவ மனசு அந்தப் பூட்டுன ரூமுக்குள்ள கெடக்கு."

அவர் ரேகாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

"மனு எங்க?"

"ரெண்டு காப்பி இருக்கு சார். ஒண்ணுல நம்பர் போட்டு, சீல் குத்தி, கையெழுத்துப் போட்டு என்கிட்ட குடுங்க."

ஒரு மணி நேரத்தில் ஜீப் நிக்டி போனது, பூட்டு திறந்தது. ரேகா மெஷினைக் கட்டிக்கொண்டு அழுதாள். மறுநாள் போய்க் குழந்தையை மனசார வாழ்த்தினோம். அது யார் வீட்டையும் பூட்டவில்லையே.

எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. சட்டத்தை மதிக்காத மனிதர் என் நாக்குக்குப் பயந்திருக்கிறார். ரேகாவிடம் சொன்னேன். "உனக்கு அவமானம், எனக்கு மெஷின். போய் வேலையப் பாருக்கா" என்றாள்.

அந்த வருட ஆண்டறிக்கையில் இந்தச் சம்பவம் "காவல்துறையினருக்கு நாம் நடத்திய விழிப்புணர்வுப் பயிலரங்கின் வெற்றி" என்று அச்சானது. அந்தப் பயிலரங்குக்கு இன்ஸ்பெக்டர் வரவே இல்லை. சமோசா மட்டும் நேரத்துக்கு வந்தது.

4. புது இன்ஸ்பெக்டர்

அடுத்த வருடம் அவர் மாற்றலாகிப் போனார். புதியவர் மூடநம்பிக்கை ஏதும் இல்லாதவர். எங்கள் வாழ்த்தும் வேண்டாம், சாபத்துக்கும் பயமில்லை. யாரோ அடித்துப்போட்ட இன்னொரு திருநங்கையோடு போனபோது, "உங்க ஆளுங்க மனுவெல்லாம் இந்த ஸ்டேஷன்ல வாங்குற வழக்கம் இல்ல" என்று முடித்துவிட்டார்.

பையிலிருந்து ரேகாவின் காப்பியை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"இதே ஸ்டேஷன் சார். சீலும் இதே சீல்தான்."

திருப்பித் திருப்பிப் பார்த்தார். பதினோரு வரியையும் படித்தார். பிறகு மேஜை டிராயரைத் திறந்து சீலை எடுத்தார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். சமூகத்தைக் கதையில் திட்டுங்கள், மனுவில் வீட்டுக்காரர் பெயரை எழுதுங்கள், சீல் விழாமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள். அன்று கொடுத்த ஆசீர்வாதம் ஒரு தடவைதான் வேலை செய்தது. அந்தக் காப்பியை அதற்கப்புறம் எத்தனையோ ஸ்டேஷன் மேஜைகளில் வைத்துவிட்டேன். நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அந்தப் பதினோரு வரிதான். அதில் நிலா இல்லை.