ஏரிக்கு அடியில் இருந்த விருந்து

நொய்க்கஞ்சியின் ஆவி முகத்தில் பட்டால், இத்தனை வயதிலும் என் பற்கள் தாமாகவே இறுகிக்கொள்கின்றன.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட நாளில், பாகூரில் எங்கள் வீட்டில் விஷக்காய்ச்சலாகக் கிடந்த எனக்கு வைத்தியர் ‘லங்கணம்’ போட்டுவிட்டார்; அதாவது வெந்நீரைத் தவிர எதுவும் வாயில் படக்கூடாது. பசியில் நான் போட்ட கூச்சலை அடக்க, என் அக்கா அஞ்சலை பாகூர் ஏரிக்கு அடியில் ஒரு ராஜ்யத்தையே கட்டினாள். அங்கே தாமரை மொட்டைப் பிரித்தால் உள்ளே சுடச்சுடக் கொழுக்கட்டை இருக்கும், மழை பெய்தால் மோராகப் பெய்யும், சிப்பாய் மாதிரி சிவப்புத் தொப்பி வைத்த விரால் மீன்கள் வரிசையில் நின்று கருப்பஞ்சாறு ஊற்றும். கேட்டுவிட்டு எனக்கும் வேண்டுமென்று நான் அழக்கூடாதே, அதற்காக அந்தக் கெட்டிக்காரி ஒரு சட்டமும் வைத்தாள்: “அங்க ஒரு வாய் துன்னாலும் அவ்ளோதான்டா, திரும்பி வூட்டுக்கு வர முடியாது.”

அதை அப்படியே நம்பினேன். காய்ச்சல் ஏறி ஜன்னி கண்டபோது நான் ஏரிக்கு அடியில்தான் இருந்தேன்; கூரையில் அலை ஓடுவதைக் கண்ணால் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து வைத்தியர் லங்கணத்தை முறித்து, “இன்னிக்குக் கஞ்சி உள்ள போனாத்தான் புள்ள தேறும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா கிண்ணத்தை வாயருகே கொண்டுவந்தாள். நான் பற்களைக் கடித்துக்கொண்டேன். குடித்தால் அம்மாவிடம் திரும்ப முடியாதே! அந்த அம்மாதான் எதிரில் அழுகிறாள் என்பது எனக்குத் தெரியவில்லை. அப்பா கரண்டிக் காம்பை நுழைத்துப் பார்த்தார். உதடு கிழிந்து ரத்தம் வந்ததுதான் மிச்சம். பொழுது சாயச் சாய என் கைகால் சில்லிட்டுப்போயிற்று. “எம் புள்ள போறானே” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

“துன்ன மாட்டேன், வூட்டுக்குப் போவணும்” என்று நான் முனகியது அக்காவுக்குத்தான் விளங்கியது. கதையெல்லாம் பொய் என்று சொன்னால் நம்பும் நிலையில் நான் இல்லை. அவள் கிண்ணத்தைப் பிடுங்கி, என் கண்ணெதிரே ஒரு வாய் குடித்தாள்.

“பாருடா, நான் குடிச்சிட்டேன். இனிமே எனக்கு வூட்டுக்கு வழி கெடையாது. நீ போறதுன்னா போ.”

நான் வாயைத் திறந்தேன். பிழைக்க வேண்டும் என்று அல்ல. அக்காவை அங்கே தனியாக விட்டுவிட்டு வர மனம் வரவில்லை.

இப்போது காய்ச்சல் என்றால் ஊசி போட்டு, அன்றைக்கே இட்லி சாப்பிடச் சொல்கிறார்கள். லங்கணம் என்ற சொல்லே என் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. அஞ்சலை அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். நல்ல சாவு என்று ஊரார் சொன்னார்கள். எனக்கு அவள்மேல் கோபம்தான். என்னை இங்கே தனியாக விட்டுவிட்டுப் போக அவளுக்கு மட்டும் எப்படி மனம் வந்தது?